மேட்டாங்காட்டில் இளமரங்களைக் கோடை தாண்ட வைப்பது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மூலனூருக்கு அருகே என் மைத்துனருக்கு மூன்று ஏக்கர் மேட்டாங்காடு, அதாவது மழையை நம்பிய மேட்டு நிலம், இருக்கிறது. அதில் கிணறு கிடையாது. முன்பு போட்ட ஆழ்குழாய்க் கிணறு அரைமணி நேரம் உப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவரால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே காட்டுக்கு வர முடியும். இட்டேரியை (வேலிகளுக்கு இடையில் ஓடும் வண்டித்தடத்தை) தாண்டிக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் அவருடைய தாயார் தனியாக இருக்கிறார். இந்த நிலத்தில், 25 அடிக்கு ஒன்று என்ற கணக்கில், ஏறத்தாழ 200 மரங்களை வளர்க்க வேண்டும் என்பது அவருடைய பல நாள் ஆசை. சொட்டுநீர் போடலாமா, வண்டித் தண்ணீர் ஊற்றலாமா, பானை புதைக்கலாமா என்று அவர் கேட்டபோது, ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விடை என்னிடம் இல்லை. காங்கேயம் பக்கத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டத்திலேயே குடியிருக்கும் எனக்குப் பொருந்திய வழி அவருக்குப் பொருந்தாது என்பது மட்டும் உடனே புரிந்தது. அவருக்காக ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த வறட்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் கொங்குச் சமவெளியின் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான் கிடைக்கிறது. மலைக்கு மேலே வால்பாறையில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும் அதே தென்மேற்குப் பருவம், தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் வந்து சேரும்போது தூறலும் காற்றுமாக மட்டுமே மிஞ்சுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நடப்படும் கன்று இரண்டு வறட்சிகளைத் தாண்ட வேண்டும். தை மாதம் தொடங்கிச் சித்திரையில் கோடை மழை விழும் வரை நீளும் வெயில் வறட்சி முதலாவது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரவு பகலாக வீசி, இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் போகும் காற்று வறட்சி இரண்டாவது. முதலாவதற்கு எல்லோரும் தயாராகிறார்கள். சித்திரை மழையில் துளிர்த்துவிட்ட கன்று ஆடி முடிவதற்குள் பட்டுப் போவதைக் கண்டு குழம்புகிறவர்கள், இரண்டாவதை வறட்சி என்றே எண்ணாமல் இருந்தவர்கள்.

அடுத்தது, தண்ணீரின் அளவைவிட அது போய்ச் சேரும் ஆழத்தைக் கவனிப்பது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டப்பாத்தியில் 20 லிட்டர் ஊற்றினால், பரப்பில் அது 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும். காய்ந்த செம்மண்ணில் அது ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் நனைக்கும், அவ்வளவே. தினமும் 5 லிட்டர் ஊற்றுகிறவர் 6 மில்லிமீட்டர்தான் கொடுக்கிறார். இந்தப் பகுதியில் கோடை நாளொன்றில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகப் போவது சாதாரணம் என்பதால், அந்த 5 லிட்டரில் பெரும்பகுதியைக் குடிப்பது கன்று அல்ல, வெயில். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருக்கிறது. ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே பரவி நின்றுவிடும். ஒரு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தால், நாள் தவறாமல் தண்ணீர் குடித்த அந்தக் கன்றுதான் முதலில் வாடிக் கிடக்கும். ஆகையால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும், ஆணிவேரை எவ்வளவு சீக்கிரம் இரண்டு அடிக்குக் கீழே இறக்குகிறது என்ற ஒரே அளவுகோலால்தான் நான் அளக்கிறேன்.

அந்த அளவுகோலின்படி முதல் முடிவு தண்ணீரைப் பற்றியதே அல்ல. விதையா, கன்றா என்பதுதான். நாற்றங்காலில் பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் வளைந்து சுற்றிக்கொள்கிறது. இடத்திலேயே ஊன்றிய விதையின் வேருக்கு அந்தத் தடை கிடையாது. இதற்குப் பனையைவிட நல்ல சான்று இல்லை. பனங்கொட்டையை ஊன்றினால் மேலே ஓலை தலைகாட்டுவதற்கு முன்பே முளை மண்ணுக்குள் அடிக்கணக்கில் இறங்கிவிடுகிறது. நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அந்த இறக்கத்தின் விளைவுதான். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போதே கொட்டையை ஊன்றிவிட்டால் அடுத்து வருவது மழைக்காலம் என்பதால், பனைக்கு ஒரு குடம் தண்ணீரும் சுமக்க வேண்டியதில்லை. புளியும் வெள்வேலும் இடத்திலேயே விதைக்க ஏற்றவை. ஆச்சாவும் அப்படித்தான், முதல் சில ஆண்டுகள் மேலே வளர்வதைவிடக் கீழே போவதிலேயே அது கவனமாக இருப்பதால், வளரவில்லை என்று பொறுமையிழந்து பிடுங்கிவிடாமல் இருப்பவருக்குத்தான் அது மரமாகும். வெள்வேல் விதையின் தோல் கடினமானது. கொதித்து இறக்கிய நீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டால் முளைப்பு சீராக வரும். ஆடு தின்று கழித்த விதை தானாகவே நன்றாக முளைக்கும் என்பது, கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு வைத்திருக்கும் எவரும் ஆட்டைப் பட்டியில் அடைத்த இடத்தில் கண்ணால் பார்ப்பது.

விதைக்கு எதிரான நியாயங்களையும் மறைக்கக் கூடாது. நம் பகுதியில் பெருகியிருக்கும் மயில்கள் முளைவிட்ட விதையைக் கிளறித் தின்றுவிடுகின்றன. எலியும் அணிலும் பங்கு கேட்கின்றன. ஒரு குழிக்கு மூன்று, நான்கு விதை ஊன்றி, மேலே முள் போட்டு மூடி, பிழைத்தவற்றில் வலுவான ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டியிருக்கும். முதல் ஆண்டில் காடு வெறுமையாகத்தான் தெரியும். அதைப் பார்க்க வருகிறவர்கள் ஏதும் நடவில்லையா என்று கேட்பார்கள். வேம்புக்கு வேறொரு சிக்கல் உண்டு. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கிறது. கொட்டையின் உயிர்ப்பு சில வாரங்களே நிற்கும். ஐப்பசி மழைக்காக எடுத்து வைத்தால் அதற்குள் அது செத்துவிடும். எனவே வேம்பை நாற்றங்காலில்தான் போட வேண்டும். அல்லது வேலியைப் பார்க்க வேண்டும். கிளுவை வேலியின் அடியிலும் வெள்வேல் மரத்தின் நிழலிலும் பறவைகள் போட்ட வேப்பங்கொட்டைகள் எவர் தயவும் இல்லாமல் முளைத்து நிற்பதை நாம் நாள்தோறும் தாண்டிப் போகிறோம். அந்தத் தான்முளைக் கன்றைச் சுற்றி முள்ளடைத்து, ஆட்டிடமிருந்து காத்து, பக்கத்துப் புல்லைச் செதுக்கிவிட்டால் அதுவே இருப்பதிலெல்லாம் செலவு குறைந்த, பிழைப்பு மிகுந்த மரம். என்றாலும் அது நாம் விரும்பிய இடத்தில் முளைப்பதில்லை.

கன்றாகவே நடுவதென்றால், பெரிய கன்றா சிறிய கன்றா என்பது அடுத்த கேள்வி. ஆறடி உயரத்தில் பசுமையாக நிற்கும் கன்றைப் பார்த்தால் ஒரு வருடம் மிச்சமானது போலத் தோன்றும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். 2016 ஐப்பசியில், ஒரு நாற்றங்காலில் தலைக்கு மேல் வளர்ந்திருந்த கன்றுகளாகப் பார்த்து வாங்கி நட்டேன். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்து, இயல்பில் பாதியைக்கூட எட்டாமல் போனது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. காய்ப்புக்கு வந்த தென்னைகளே தலை சாய்ந்து நின்ற அந்தக் கோடையில் என் கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப் போயின. பட்டவற்றைத் தோண்டியபோது வேர்கள் பையின் வடிவத்திலேயே, கயிறு சுற்றினாற்போல், சுருண்டு கிடந்தன. நட்ட குழிக்கு வெளியே ஒரு வேர்கூடப் போகவில்லை. அதே குழிகளின் ஓரத்தில், மீந்துபோனதால் நட்டுவைத்த முழங்கால் உயரக் கன்றுகள் உயிரோடு இருந்தன. இலைப்பரப்பு குறைவாகவும் வேர் இளமையாகவும் உள்ள கன்று, குடிக்கும் தண்ணீரும் குறைவு, வேர் ஓடும் வேகமும் அதிகம். அன்று முதல் ஒன்றரை அடிக்கு மேற்பட்ட கன்றை மேட்டாங்காட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. வாங்கும் கன்றும் நிழல்வலைக்கு அடியிலிருந்து நேராக வந்ததாக இருக்கக் கூடாது. நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வெயிலில் எடுத்து வைத்து, தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, இலை சற்றுத் தடித்த கன்றுதான் மாசியைத் தாங்கும். பையைக் கிழித்து எடுக்கும்போது அடியில் சுருண்ட வேரைக் கத்தியால் வெட்டிவிடத் தயங்கவே கூடாது. மா வேண்டும் என்கிறவர்கள் ஒட்டுக்கன்றை நடுவதைவிட, கொட்டையை இடத்திலேயே ஊன்றி வளர்ந்த பின் அதன்மேல் ஒட்டுக்கட்டுவது, ஆணிவேரைக் கெடுக்காத நல்ல வழி. பொறுமையும் கைதேர்ந்த ஆளும் வேண்டும் என்பதுதான் அதிலுள்ள தொல்லை.

எந்த மரம் என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மலைவேம்பும் தேக்கும் வருமானக் கணக்கில் கவர்ச்சியாகத் தெரிந்தாலும், கிணறு இல்லாத காட்டில் அவை முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பதற்குச் சமமான கவனிப்பைக் கேட்கும். வெள்வேல், வேம்பு, பனை, புளி, ஆச்சா ஆகியவை இந்த மண்ணின் கணக்கு தெரிந்தவை. வெள்வேலுக்குக் கீழே கொழுக்கட்டைப் புல் வளர்ந்து ஆடும் காங்கேயம் மாடும் மேயும் கொறங்காட்டு முறையே அதற்குப் போதிய சான்று.

நடும் நாளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது பயிருக்கு, மரக்கன்றுக்கு அல்ல. ஆனைமலை, பொள்ளாச்சியின் மேற்குப் பகுதிபோலத் தென்மேற்குப் பருவம் எட்டும் இடங்களில் ஆனியிலேயே நடலாம். கிழக்கே வர வர அந்த மாதங்களில் காற்றுதான் மிச்சம் என்பதால், புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ நடுவதே சரி. அப்போதும் நாட்காட்டியைப் பார்த்து நடுவதைவிட, ஒரு உழவு மழை பெய்தபின் கடப்பாறையைக் குத்தி ஈரம் இரண்டடி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து நடுவதே நல்லது. அந்த ஈரம் வராத ஆண்டில் நடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதை 2016 எனக்குக் கற்றுக்கொடுத்தது.

குழியைப் பொறுத்தவரை ஒன்றரை அடி நீள, அகல, ஆழமே இந்த மரங்களுக்குப் போதும். ஆனால் மூலனூர், வெள்ளகோயில் பக்கத்து நிலங்களில் ஓரிரு அடிக்குக் கீழே சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக் கல் படிவு குறுக்கிடுகிறது. அதன்மேல் குழி வெட்டி, நல்ல மண்ணும் எருவும் நிரப்பி நட்டால், கன்று முதல் ஆண்டு செழித்து வளரும். பிறகு தொட்டியில் வளர்ந்த செடிபோலத் திணறும். குழியின் அடியில் கடப்பாறையால் இன்னும் இரண்டடி குத்தி, அந்தத் துளையில் மணலும் மக்கிய எருவும் போட்டு வேருக்கு ஒரு வாசல் திறந்துவிடுவது, பின்னால் நாம் ஊற்றப்போகும் பல நூறு குடத் தண்ணீரைவிடப் பெறுமதியான வேலை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் இதற்கு நேர்மாறான நிலைமை. அங்கே ஐப்பசியில் குழியில் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால் சற்று மேடாக்கி நட வேண்டும். தையில் நிலம் வெடிக்கத் தொடங்கும்போது மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடாவிட்டால், உள்ளிருக்கும் ஈரம் அந்த வழியாகவே போய்விடும்.

இனி மைத்துனர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வண்டித் தண்ணீரை வட்டப்பாத்தியில் ஊற்றும் வழியில் முதலீடு கிடையாது, எவரும் செய்யலாம் என்பது அதன் பலம். ஆனால் 200 கன்றுக்கு வாரம் 20 லிட்டர் என்றால் வாரத்துக்கு 4,000 லிட்டர். தை பாதியிலிருந்து சித்திரை வரை 12 வாரம் என்று வைத்தாலும் 48,000 லிட்டர் ஆகிறது. அதுவும் ஆடிக் காற்றைக் கணக்கில் சேர்க்காமல். அந்தத் தண்ணீரும் பாத்தியில் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்தான் இறங்கும் என்பதை முன்பே பார்த்தோம். பஞ்சம் முற்றும் ஆண்டில் குடிநீருக்கே வண்டி கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நட்ட மூன்றாம் நாள் கொடுக்கும் உயிர்த்தண்ணீருக்கு மட்டுமே இந்த வழியை நான் ஏற்கிறேன்.

சொட்டுநீர் என் தோட்டத்தில் நான் நம்பியிருக்கும் வழி. சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தமிழகத்தில் மானியம் கிடைக்கிறது. கிணறும் மின்சாரமும் உள்ளவருக்கு ஆள்கூலி மிச்சம் என்பதில் ஐயமே இல்லை. என்றாலும் அதை இயக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் திறந்துவிட்டு மூடினால், முன்பு சொன்ன 5 லிட்டர்க் கேடுதான் மறுபடி நடக்கும். கன்றுக்கு இரண்டு சொட்டுவான்கள், மணிக்கு 4 லிட்டர் வீதம், வாரத்தில் ஒரே நாள் மூன்று மணி நேரம் ஓடினால் 24 லிட்டரும் ஆழமாக இறங்கும். தண்ணீர் அதேதான், கொடுத்த விதம்தான் வேறு. உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு படிந்து சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். அத்துடன், ஈரவட்டத்தின் விளிம்பில் உப்பு சேர்ந்து நிற்கும். கோடையின் முதல் சிறு தூறல் அந்த உப்பை வேருக்குத் தள்ளிவிடும் என்பதால், மழை தூறுகிறதே என்று சொட்டுநீரை நிறுத்தாமல், அன்று கட்டாயம் ஓடவிட வேண்டும். அணிலும் எலியும் காட்டுப்பன்றியும் தண்ணீருக்காகக் குழாயைக் கடிப்பதைக் கவனிக்க, தோட்டத்தில் ஆள் குடியிருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் வருகிறவரின் காட்டில், திங்கட்கிழமை கடிபட்ட குழாய் ஞாயிறு வரை தொட்டியைக் காலி செய்துகொண்டிருக்கும். என் மைத்துனருக்குச் சொட்டுநீர் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு நீரில்லாமை பாதிக் காரணம், ஆளில்லாமை மீதிக் காரணம்.

பானை வழி பழையது, எளியது. சுட்ட, மெருகிடாத மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவும் குறைந்துவிடும் என்பதால், மரம் கேட்கும் அளவே கிடைக்கிறது. மேற்பரப்பு காய்ந்தே இருப்பதால் களையும் முளைக்காது. 10 லிட்டர்ப் பானையை வாரம் ஒருமுறை, வெயில் ஏறினால் இருமுறை நிரப்பினால் போதும். எங்கள் அப்புச்சி காலத்தில் வாசலில் வைத்த நாவலும் எலுமிச்சையும் இப்படித்தான் வளர்ந்தன. இதன் குறைகளையும் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் பானையின் நுண்துளைகள் ஓரிரு ஆண்டில் அடைத்துக்கொள்கின்றன. கரிசல் மண் விரிந்து சுருங்கும்போது பானை விரிசல் விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேர் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியே நின்றுவிட வாய்ப்புண்டு. ஆழத்துக்குப் போக வேண்டிய காட்டு மரத்தைவிட, வீட்டுக்கு அருகே என்றும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கக்கூடிய பழ மரத்துக்கே பானை பொருத்தம் என்பது என் முடிவு. இருநூறு பானையை வாங்கிப் புதைத்து நிரப்ப எவராலும் முடியாது, இருபதை முடியும்.

கூட்டத்தில் கவனிக்கப்படாமல் போகும் ஒரு வழியைத்தான் நான் பெரிதும் விரும்புகிறேன். இரண்டடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கன்றிலிருந்து அரையடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குச் செங்குத்தாக நட்டு, அடிப்பகுதியில் மட்டும் சில துளைகளிட்டு, உள்ளே சிறு சரளைக்கல் போட்டு, அதன் வழியாகவே தண்ணீர் ஊற்றுவது. மேலே ஒரு துளியும் சிந்துவதில்லை. 20 லிட்டரும் நேராக வேரின் நுனிக்குக் கீழே போகிறது. வேர் அதைத் தேடி இறங்குகிறது. பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக் குழாயின் உடைந்த துண்டுகளே போதும். மூங்கிலைக் கணு உடைத்தும் பயன்படுத்தலாம். குழாயின் வாயில் ஒரு கல்லை வைத்து மூடாவிட்டால் ஓணான் விழுந்து செத்துக் கிடக்கும். ஒரே கன்றுக்கு ஊற்றிக்கொண்டு நிற்கும் நேரம் பாத்தியைவிடக் கூடுதல் என்பதைத் தவிர இதில் பெரிய குறை எதையும் நான் காணவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிடும் வழி, ஆடு மாடு புழங்காத இடத்தில் உயிர் காக்கும். கொறங்காட்டில் ஒரு நாள் தாங்காது.

ஊற்றுகிற தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் விழுகிற தண்ணீரை மறந்துவிடுகிறோம். சரிவான செம்மண் காட்டில், கன்றுக்கு மேற்புறமாக வாய் திறந்த பிறை வடிவ வரப்பு ஒன்றைப் போட்டு, மேலே 10 சதுர மீட்டர் பரப்பின் ஓட்டத்தை அதில் திருப்பினால், 20 மில்லிமீட்டர் மழையில் 200 லிட்டர் விழுகிறது. பாதி ஓடி வந்தாலும் 100 லிட்டர். குடத்தால் ஐந்து வாரம் ஊற்றுவதை ஒரே மழை ஊற்றிவிடுகிறது. இடியும் காற்றுமாகச் சித்திரையில் அரைமணி நேரம் கொட்டிவிட்டு ஓடிப்போகும் கோடை மழையை மண்ணுக்குள் இறக்க இதைவிட வேறு வழி கிடையாது. ஒரு ஆளுக்குச் சில நாள் மண்வெட்டி வேலை. இந்தச் செலவை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தவரும் தவிர்க்கக் கூடாது.

பிடித்த ஈரத்தைக் காப்பது, கன்றைச் சுற்றி மண்ணின்மேல் பரப்பும் மூடாக்கு. நம் பகுதியில் பொள்ளாச்சி முதல் வெள்ளகோயில் வரை குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது உண்மை. ஆனால் ஆலையிலிருந்து நேராக வந்த புது நார்க்கழிவில் உப்பு இருக்கிறது. மக்காத நிலையில் குழி மண்ணோடு கலந்தால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் தனக்கே இழுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலம் நனைந்து கறுத்த பழைய குவியலிலிருந்து எடுத்ததை, குழி மண்ணில் கால் பங்குக்கு மிகாமல் கலக்கலாம், மேலே பரப்பலாம். கரும்புத் தோகையும் தென்னோலையும் நல்ல மூடாக்குகள்தான். செம்மண்ணில் கறையான் வரும் என்பதால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பரப்பி, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கைச் சேர்த்துவிட வேண்டும். தழை எதுவும் கிடைக்காத காட்டில் காலுக்குக் கீழேயே கிடக்கிறது சிறந்த மூடாக்கு. சரளைக் கல்லைப் பொறுக்கிக் கன்றைச் சுற்றி அடுக்கினால் கறையானும் வராது, காற்றும் அடித்துப் போகாது, ஆடும் தின்னாது. கொழுக்கட்டைப் புல் எவ்வளவு நல்ல தீவனமானாலும் கன்றைச் சுற்றி மூன்றடிக்குள் அதை விடக் கூடாது. இளமரத்தின் தண்ணீரை வெயிலுக்கு அடுத்தபடியாகத் திருடுவது புல்தான்.

காற்றுக்கு எதிரான தடுப்பை மேற்குப் பக்கம் மட்டும் போட்டால் போதும். இரண்டு தென்னை மட்டைகளைக் கன்றுக்கு மேற்கே குறுக்காக ஊன்றினால் பிற்பகல் வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் ஒரே செலவில் மறைவு கிடைக்கும். சோளத் தட்டைப் படல் கட்டியும் வைக்கலாம். துவரையோ அகத்தியோ மேற்கு வரிசையாக விதைத்து நிழல் தரும் வழி அழகானது. ஐந்தடிக்கு உள்ளே வந்துவிட்டால் அதுவும் கன்றின் தண்ணீரையே குடிக்கும்.

நீரை உறிஞ்சி வைக்கும் கூழ்மப் பொடியைப் பற்றியும் கேட்கிறார்கள். புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் போன்றவை தூய நீரில் தம் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு நீரைப் பிடிக்கின்றன. உப்பு நீரில் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது. நம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை நினைத்துப் பார்த்தால், அந்தப் பணத்தில் குழியின் அடிச்சுக்கானை உடைக்க ஓர் ஆளை வைப்பதே மேல் என்று தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் வைத்து மைத்துனரும் நானும் செய்துகொண்ட முடிவு இது. மேற்கு, தெற்கு எல்லைகளில் 60 பனங்கொட்டைகள். அவை பின்னாளில் காற்றையும் தடுக்கும். காட்டுக்குள் வெள்வேல், புளி, ஆச்சா என 70 குழிகளில் விதை, முள் மூடியோடு. இந்த 130-க்கும் பிறை வரப்பும் கல் மூடாக்கும் தவிரத் தண்ணீர் கிடையாது. ஒன்றரை அடிக்கு மேற்படாத 50 வேப்பங்கன்றுகளுக்குச் செங்குத்துக் குழாய். இட்டேரிக்கு அருகே, அவருடைய தாயார் நடந்து வரக்கூடிய தூரத்தில், நெல்லி, நாவல், சீத்தா என்று 20 பழமரங்களுக்குப் பானை. ஞாயிறுதோறும் 25 வேம்புக்கு 20 லிட்டர் வீதம் மாற்றி மாற்றி ஊற்றினால் 500 லிட்டர். பானைகளுக்கு 200 லிட்டர். வாரம் 4,000 லிட்டர் கேட்ட கணக்கு 700-க்கு வந்துவிட்டது. அதை ஊரிலிருந்து நல்ல தண்ணீராகவே சிறு வண்டியில் கொண்டுவர முடியும்.

எப்போது கூடுதலாக ஊற்றுவது என்பதற்கு மைத்துனரின் தாயாரான அத்தையிடம் ஓர் அடையாளம் சொல்லியிருக்கிறோம். பிற்பகலில் இலை தொங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் விடியற்காலையிலும் நிமிராமல் தொங்கினால்தான் கன்றுக்குத் தாகம், அன்று ஊற்றிவிட வேண்டும். இரண்டாம் கோடையில் குழாய்த் தண்ணீரை மாதம் ஒன்றாகக் குறைத்து, மூன்றாம் ஆண்டு தை பிறந்ததும் குழாய்களைப் பிடுங்கிவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆவணியிலேயே குழிகள் வெட்டியாகிவிட்டன. அடிச்சுக்கான் உடைக்கும் வேலையில் இன்னும் 30 குழிகள் பாக்கி.